மதகில் நின்ற கார்

தெற்குத் தெரு ஆட்கள் எங்கள் காரின் வயரை அறுத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நம்பினேன். சும்மா நம்பியிருந்தால் பரவாயில்லை. அப்பாவைப் பின்சீட்டில் படுக்க வைத்துக்கொண்டு, கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு, வருகிற கூட்டத்தை எதிர்க்க ஒரு ஸ்குரூ டிரைவரைப் பிடித்தபடி நம்பினேன்.

கழக ஆட்சி வந்த புதிது. குறுவை அறுப்புக்குக் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு தெற்குத் தெரு ஆட்கள் எங்கள் வயலில் இறங்கவில்லை. முற்றிய கதிர் சாய்ந்து கிடக்க, வரப்பெல்லாம் சிவப்புக் கொடி. எங்கள் டிரைவரும் தெற்குத் தெருக்காரர்தான், அவரும் வரவில்லை. அதனால் ஆயுத பூஜைக்கு அந்த வெள்ளைக்காரன் காலத்துக் காரை அப்பாவே கழுவி, பானெட்டைத் திறந்து, சந்தனமும் குங்குமமும் வைத்தார்.

அடுத்த சில நாளில், காலைப் பலகாரத்தின்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மாயவரம் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன். தெரியும் என்றால், எதிரே யாரும் வராத வரைக்கும்.

தெற்குத் தெருவை ஒட்டிய மதகு மேட்டில் கார் ஒரு குதி குதித்தது. அதோடு சரி. சாவியைத் திருகினேன், சத்தமே இல்லை. விளக்கு இல்லை. ஹாரன், பந்தியில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி வாயைத் திறக்க மறுத்தது.

"என்னடா?" என்றார் அப்பா.

"அறுத்துட்டாங்கப்பா."

"எதை?"

அது எனக்கும் தெரியவில்லை.

ஆட்கள் ஓடி வந்தார்கள். முன்னால் வந்த டிரைவர் கண்ணாடியைத் தட்டினார்.

"எறக்குங்க சின்னய்யா. அய்யாவுக்கு என்ன?"

"வயரை எங்க அறுத்தீங்க? அதை மட்டும் சொல்லு!"

"அறுக்கிற வேலையைத்தான் நாங்க நிறுத்தி வச்சிருக்கமே," என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். "அந்தத் திருப்புளியைக் கீழ போடுங்க. உங்க கண்ணுலயே குத்திக்கப் போறீங்க."

பானெட்டைத் திறந்தார். ஒவ்வொரு வயராக விரலால் நீவிக்கொண்டே போனார். எங்கும் அறுபடவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. பேட்டரி மட்டும் சந்தனக் காப்பில் அம்மன் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"பேட்டரியைக் கழட்டிப் பாரேன்," என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"அய்யா கையால பூஜை போட்டது. அதைக் கலைக்கலாமா?" அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கையை எடுத்துவிட்டார்.

எனக்கும் அது சரியென்றே பட்டது. அவர்கள் காரைத் தள்ளினார்கள். கார் உருண்டது, உயிர் வரவில்லை.

"மாட்டு வண்டி பூட்டட்டுமா அய்யா?" என்று டிரைவர் அப்பாவிடம் கேட்டார்.

"வேணாம்," என்றார் அப்பா. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. "இன்னொரு தரம் தள்ளுங்க. கெளம்பும். பேட்டரிக்குத்தான் நெறைய சந்தனம் வச்சேன். அதோட உசிரே அதுலதானே."

மறுபடி தள்ளினார்கள். வேலைக்கு வராத அத்தனை பேரும் வேர்த்து விறுவிறுக்கத் தள்ளினார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமிகளோடு தெரியாத சாமிகளையும் கூப்பிட்டேன். கடைசியில் வைக்கோல் பரப்பிய வண்டியில்தான் அப்பாவை ஏற்றினோம். டிரைவர் மாட்டை விரட்டினார். பாதி வழியில், குத்தாலம் கடைத்தெரு வருவதற்குள் என் கைக்குள் இருந்த அப்பாவின் கை தளர்ந்துவிட்டது.

காரியம் முடிந்த பிறகு டிரைவரும் நானும் பேட்டரி டெர்மினலைக் கழற்றினோம். பூஜையன்று அப்பா அதைக் கழற்றி, உள்ளே ஈய முனையிலும் சந்தனத்தை அப்பி, மேலே மாட்டியிருந்தார். அது காய்ந்து கெட்டியாகி, மதகில் குதித்த குதியில் டெர்மினல் நகர்ந்ததும் கரண்ட் நின்றுவிட்டது. சுரண்டி எடுத்துவிட்டு மாட்டினோம். முதல் திருகலில் கார் கிளம்பியது.