இருபத்துநான்கு மீன்களும் ஒரு புதுத் தொட்டியும்

என் மாமனாருக்கு எடப்பாடியில் இருபது தறிகள் ஓடின. பள்ளிபாளையத்தில் இன்னும் நாற்பது தறி போட இடம் பார்த்து வைத்திருந்தார். அந்தப் பட்டறையை எனக்குக் கொடுப்பதாகப் பேச்சு. கொடுத்தால் நானும் மனைவியும் தனிக்குடித்தனம் போகலாம். எனக்கு விலங்கியலில் பட்டம் இருந்தது, வேலை இல்லை. மாமனார் வீட்டில் பதினேழு பேர். பந்தியில் என் இலை எப்போதும் கடைசியிலிருந்து மூன்றாவது.

1960களின் நடுவில் ஒரு தடவை நூல் வாங்க மதராஸ் போன மாமனார், யாரோ ஒரு வியாபாரியின் கூடத்தில் மீன் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தார். இரும்புச் சட்டம் அடித்து, கண்ணாடி வைத்து, ஓரங்களில் நீர் கசியாமல் எண்ணெயில் குழைத்த பட்டி பூசி, மூன்றடி நீளத்தில் ஒன்று செய்யச் சொன்னார்.

"மாப்பளைங்க மீனப் பத்தித்தானே படிச்சிருக்கறீங்க? நீங்களே பாத்துக்குங்க. இது நல்லா நடந்துச்சுன்னா பள்ளிபாளையத்தையும் பாத்துக்கலாம்" என்றார்.

புதுப் பட்டியின் எண்ணெய் போகும்வரை தண்ணீரை நிரப்பி நிரப்பிக் கொட்ட வேண்டும், பிறகு மூன்று வாரம் நீரைத் தேங்கவிட வேண்டும், முதலில் இரண்டே மீன் போதும் என்றேன்.

"தண்ணி ஊறோணுங்களா? அதென்னங்க, இட்லி அரிசியா?" என்றார் மைத்துனர். கூடமே சிரித்தது. ஒன்பது பேர் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை.

மாமனார் பஞ்சாங்கத்தில் நாள் குறித்துவிட்டார். புது வீட்டில் பால் காய்ச்சுவதுபோல, காலையில் தண்ணீர் ஊற்றி அன்றைக்கே மீனையும் விட வேண்டும். ரயிலில் இரண்டு தகர டின்களில் இருபத்துநான்கு தங்க மீன்கள் வந்தன. எல்லாவற்றையும் விட்டோம். தெருவே பார்க்க வந்தது. வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. கோயில் குளத்தில் போடுவதுபோல ஆளுக்கொரு பிடி பொரி போட்டார்கள். நான் தடுத்தேன்.

"புண்ணியத்துக்குப் போடறதைத் தடுக்கலாமுங்களா மாப்பளே?" என்றார் மாமியார்.

மறுநாள் மூன்று செத்தன. அதற்கடுத்த நாள் ஆறு. பிறகு ஐந்து. தண்ணீர் அரிசி களைந்த நீர்போல வெளுத்தது. தொட்டிமேல் பலகையைப் போட்டு, அதன்மேல் அம்மிக் குழவியை வைத்துப் பொரியை நிறுத்தினேன். தினமும் இரண்டு செம்பு தண்ணீர் மட்டும் எடுத்துவிட்டு, வெயிலில் வைத்த இரண்டு செம்பு ஊற்றினேன். ஒன்பதாம் நாள் நான்கு மீன்கள் இருந்தன. அதற்குப் பின் இருபத்தாறு நாள் ஒன்றும் சாகவில்லை. தண்ணீர் தெளிந்தது. கண்ணாடியிலும் கூழாங்கற்களிலும் மெல்லிய பச்சை படிந்தது. பிழைத்துக்கொண்டோம் என்று நினைத்தேன். மீன்களை மட்டும் சொல்லவில்லை.

அப்போது மைத்துனியைப் பெண் பார்க்க வருவதாகச் சேதி வந்தது.

"என்னங்க இது, பாசி புடிச்சுச் சாக்கடையாட்டம் கெடக்குது? வர்றவங்க என்ன நெனப்பாங்க? நல்லாத் தேச்சுக் கழுவி வெய்யுங்க" என்றார் மாமனார். போகிற போக்கில், "அடுத்த வாரம் பள்ளிபாளையம் போலாமுங்க" என்றும் சொன்னார்.

மீன் கழிவு நஞ்சாகாமல் காக்கும் அந்தப் பச்சையையும் பழைய நீரையும் ஒருசேர எடுத்தால் மீன் தாங்காது என்று அந்த வீட்டில் விலங்கியல் படித்த ஒருவனுக்குத் தெரியும். அவனே தேங்காய் நாரும் சாம்பலும் கொண்டு பித்தளை அண்டாவைத் தேய்ப்பதுபோலத் தேய்த்தான். கற்களைக் கொதிநீரில் அலசினான். கிணற்றுத் தண்ணீரைப் பதினான்கு குடம் ஊற்றினான்.

பெண் பார்க்க வந்தவர்கள் தொட்டியைப் புகழ்ந்தார்கள். மறுநாள் மத்தியானத்துக்குள் நான்கும் மிதந்தன.

மாமனார் கோபிக்கவே இல்லை. "நாலு மீனக் காப்பாத்த முடியலீங்க. நாப்பது தறிய எப்படிங்க பாப்பீங்க?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.

"முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க" என்றாள் மனைவி.

பள்ளிபாளையம் மைத்துனருக்குப் போயிற்று. அவர் அந்தத் தொட்டியையும் கொண்டுபோய்ப் பட்டறையில் வைத்து, நூல் சுற்றிய தார்க்குச்சிகளைப் போட்டு வைத்தார். கணக்குப் பார்க்க என்னையும் கூப்பிட்டுக்கொண்டார். பத்தொன்பது வருடம், தினமும் காலையில் அந்தத் தொட்டிக்குள் கைவிட்டுத் தறிக்குப் பன்னிரண்டாக எண்ணி எடுத்துக் கொடுத்தேன். எண்ணிக்கை ஒருநாளும் தவறியதில்லை.