பாசுமதியில் விழுந்த இரண்டாவது கோடு

தாம்பரத்தில் நான் வேலை பார்த்த லேபுக்கு, பாசுமதியைச் சோதித்துத் தரச் சொல்லி வந்தார் அந்த அரிசி வியாபாரி. குரோம்பேட்டையில் கடை. வெள்ளைச் சட்டை, அதைவிட வெள்ளையான மீசை. பேசும்போது சட்டைப் பையிலிருந்து ஒவ்வொரு அரிசியாக எடுத்து முன்பல்லால் கடித்துக்கொண்டே இருப்பார். உள்ளே வந்ததும், "சாப்ட்டியாம்மா?" என்றார். லேபில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

அரிசியை அரைத்து டி.என்.ஏ. எடுத்து ஜெல் எனும் கூழ்த்தகட்டில் மின்சாரம் பாய்ச்சி ஓட்டினால், ஒவ்வொரு ரகத்துக்கும் அதனதன் இடத்தில் கோடு விழும். இவருடைய அரிசியில் பாசுமதியின் கோட்டுக்குக் கீழே மங்கலாக இன்னொன்றும் விழுந்திருந்தது. யாரோ இவரை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். ரிப்போர்ட் வாங்க வந்தவரிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன்.

"சார், இதுல வேற அரிசி கலந்திருக்கு. உங்களுக்கு சப்ளை பண்றவங்களைக் கேளுங்க."

"அவங்க நல்லவங்கம்மா. நான்தான் கலந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க டெஸ்ட் சரியா இருக்கான்னு பாத்தீங்களா சார்?"

"ஆமாம்மா. பெரிய பார்ட்டிங்க இப்ப இந்த ரிப்போர்ட் கேக்கறாங்க." ஒரு அரிசியைக் கடித்தார். "எவ்ளோ கொறைச்சுக் கலந்தா அந்தக் கோடு விழாது?"

அவர் முகத்தில் கள்ளத்தனம் எதுவுமில்லை. சாப்பிட்டாயா என்று கேட்ட அதே குரல். முதல் நாள் நான் சாப்பிட்டேனா என்று அவர் உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.