வெள்ளைச் சோப்பும் வெனிலா மணமும்

“ஏட்டி, காலேஜு படிச்சது சோப்பு காய்ச்சவா? இது உருப்படுமா?” என்று அத்தை கேட்டாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வேதியியல் பட்டம் வாங்கியவள். பதில் சொல்வதே கௌரவக் குறைவு என்று சோப்புக் கலவையைக் கிளறினேன்.

முதல் பெரிய ஆர்டர் எங்கள் மாதா கோயிலிலிருந்து வந்தது. முதன்முதலாக நற்கருணை அப்பம் பெற்று, புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்குப் பரிசாக, அவர்கள் உடுப்பைப்போல வெள்ளைச் சோப்பு வேண்டும்; வெனிலா மணக்க வேண்டும். தண்ணீர்போல நிறமே இல்லாத வாசனை எண்ணெயைத் தேடி வாங்கினேன். நிறமில்லாதது எப்படிக் கறையாக்கும் என்று நினைத்தேன்.

உலர வைத்த கட்டிகள் நாளுக்கு நாள் பழுப்பேறின. மணம் தரும் வெனிலின் என்ற வேதிப்பொருள்தான் சோப்பைக் கறுக்க வைக்கும் என்று அதன்பிறகே படித்தேன். இருந்த ஒரே அறையில் அந்தத் தட்டுகளுக்கு நடுவில்தான் படுத்தேன். ஜன்னலைத் திறந்தால் ஈரக் கடற்காற்றில் சோப்பு வியர்த்தது. மூடினால் கேக் வாசனை மூச்சை அடைத்தது. அம்மா இந்த ஆர்டரைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசியிருந்தாள்.

அத்தை எட்டிப் பார்த்தாள். “மக்கா, இது சோப்பா, கருப்பட்டியா?”

புதிதாக வார்த்தால், விழாவுக்குள் காய்வதற்கு மட்டும்தான் நாள் இருந்தது. வேறொரு வாசனை எண்ணெயைச் சோதித்துப் பார்க்க நாள் இல்லை. கோயில் சார்பில் ஆர்டர் தந்த அக்காவிடம் போய், “வெள்ளை வேணும்னா மணம் கிடையாதுக்கா” என்றேன். அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் சோப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை.

இன்று காலை மணமில்லாமல் வார்த்துவிட்டேன். அதில் ஒதுக்கிய கொஞ்சக் கலவையில் வெனிலின் இல்லாத வாசனை எண்ணெய்களைத் தனித்தனியாகக் கலந்து, எது வெள்ளையாகவே நிற்கிறது என்று பார்க்க வெயில் விழும் ஜன்னலில் வைத்திருக்கிறேன்.