பானெட்டில் எழுதிய பில்

எங்கள் தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் லாரி மறுபடியும் ஹார்ன் அடித்தது. பண்டல்கள் ஏறிவிட்டன, தார்ப்பாயோ கிழிசல், வானம் இருட்டிக்கொண்டு வந்தது. சரக்கோடு போக வேண்டிய இ-இன்வாய்ஸை எடுக்கத் தேவையான ஓடிபி அப்பாவின் எண்ணுக்குப் போனது. அவர் இறந்தபின் அதை ரீசார்ஜ் செய்யாமல் விட்டவள் நான்தான்.

என் சின்ன வயதில் ஹார்ன் கேட்டதுமே அப்பா பில் புத்தகத்தோடு ஓடுவார். மூக்கு நீண்ட அந்தக் காலத்து லாரியின் சூடான பானெட்டில் வைத்து எழுதும்போது கார்பன் தாள் இளகி மணக்கும். நீலம் படிந்த விரலை என் கன்னத்தில் தேய்த்துவிட்டு, "ஏலே, மழைக்கு முந்திப் போயிரு" என்று டிரைவரை அனுப்புவார்.

முதல் துளி விழுந்தது. அலமாரியில் கிடந்த பழைய பில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். இந்த லாரிக்குப் பானெட் இல்லை. முழங்காலில் வைத்து எழுதி நீட்டினேன்.

"இது செல்லாதுக்கா, வழியில செக்கிங்ல பிடிச்சா வண்டிய விடமாட்டாவ," என்றார் டிரைவர். "ஓடிபி போற நம்பருக்கு ஒரு போன் போட்டுப் பாருங்களேன்."

எடுக்க ஆளில்லை என்று தெரிந்தும் போட்டேன்.