பிள்ளையாரடியில் அவிழ்ந்த சால்வை

எனக்குப் பிள்ளையாரோடு இன்னும் கோபம் தீரவில்லை. கோயில் பக்கம் போனால் கும்பிடுவேன், முகம் கொடுத்துக் கதைக்கமாட்டேன்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. வலது முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் சீழ் பிடித்து, கால் பூசணிக்காயாக வீங்கிக் கிடந்தது. ஒரு கிழமைக்குள் கொழும்புக்குக் கொண்டுபோய்க் கீறினால் கால் தப்பும், இல்லையென்றால் வெட்டி எடுக்கத்தான் வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அப்பா இல்லை. நாங்கள் குத்தகைத் தோட்டக்காரர். உழைக்கிற ஆள் அண்ணை ஒருவர்தான், அவருக்கும் இருபது வயது.

அன்று காலை இரவல் மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி என்னைக் கிடத்தி ஓட்டி வந்தார். மருதனார்மடம் தாண்டி, ஒரு பிள்ளையார் கோயிலடியில் நிறுத்தினார்.

"சங்கத்து வங்கியிலை காசு வாங்கிக்கொண்டு வாறன். பிறகு நேரை ரயிலுக்குத்தான். அசையாதை, தங்கச்சி."

வைக்கோலுக்கு அடியிலிருந்து கத்தியை எடுத்தார்.

"கத்தி எதுக்கண்ணை?"

"மாட்டுக்குக் குழை வெட்ட."

பொய் சொன்னால் அவருக்குக் காது சிவக்கும். சிவந்திருந்தது. போனவரைக் காணவில்லை. இலையான் காலில் மொய்த்தது, மாடு தலையை ஆட்டி ஆட்டி வண்டியைக் குலுக்கியது, ஒவ்வொரு குலுக்கலுக்கும் எனக்கு உயிர் போய் வந்தது. எழும்புவதும் சரிவதுமாகக் கிடந்தேன்.

ஒழுங்கையால் ஒருவன் ஓடி வந்தான். முகம் முழுக்கச் சால்வை, கண் மட்டும் தெரிந்தது. கையில் காசுப் பொட்டலம், இடுப்பில் கத்தி. பின்னால் வங்கிக் காசாளரும் இரண்டு பேரும், "கள்ளன், பிடியுங்கோ" என்று கத்திக்கொண்டு வந்தார்கள். ஓடுகிற விதத்திலேயே அண்ணை என்று தெரிந்துவிட்டது.

வண்டிக்கு இன்னும் பத்தடி. நேரே கோயில் வாசல். எங்கள் பக்கத்தில் தோளில் சால்வையோடு ஆம்பிளைகள் சாமியைக் கடக்கமாட்டார்கள், எடுத்து இடுப்பில் கட்டிவிட்டுத்தான் மற்ற வேலை. அண்ணையின் கைக்கு அது பழக்கம். நின்றார். முகத்திலிருந்த சால்வையை அவிழ்த்தார், இடுப்பில் கட்டினார், நெற்றியில் மூன்று தரம் குட்டினார். அதற்குப் பிறகுதான் அவருக்கே உறைத்தது.

காசாளர் இளைத்து இளைத்து வந்து நின்றார். "தம்பி, நீயோ?"

அண்ணை பொட்டலத்தை நீட்டினார். மற்றக் கையால் என்னைக் காட்டினார்.

காசாளர் என் காலைப் பார்த்தார். "இதுக்கோ? வந்து கேட்டிருக்கலாமே, மோனை."

"கேட்டனான். போன கிழமை உங்களட்டைத்தான் கேட்டனான். காணி உறுதிப் பத்திரம் இருந்தால் வா எண்டு திருப்பி விட்டனீங்கள்."

அந்த மனுசன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். கூட வந்த இருவரும் அண்ணையைப் பொலிசுக்குக் கொண்டுபோனார்கள். வழக்கில் அவருக்கு இரண்டு வருடச் சிறை.

அந்தக் கிழமைக்குள் கொழும்புக்குக் கொண்டுபோக ஆள் இல்லை. என் கால் முழங்காலோடு போயிற்று. மறியலில் இருக்கிற பிள்ளை கேட்டால் தாங்காது என்று அம்மா அழுதபடியால் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இரண்டு வருடம் கழித்து அண்ணை வந்தார். நான் சீலையை இழுத்து மூடிக்கொண்டு கட்டிலில் இருந்தேன். மறியலில் வேலை செய்த காசில் எனக்கு ஒரு சோடி செருப்பு வாங்கி வந்திருந்தார்.

"போட்டுப் பார், அளவோ எண்டு."

குனிந்து, இடது செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.