பதினெட்டு வருசத்து டீத்தண்ணி

எல்சி கெடிஸ் இருபத்தேழு வருசம் ஆர்டகில் மாளிகை என்கிற விடுதியில் ஊரார் படுக்க மெத்தை விரித்தவள். தானும் ஒருநாள் அதில் படுப்போம் என்று கனவிலும் நினைத்ததில்லை. வேலையை விட்டு நிற்கப்போகிற வாரத்தில் முதலாளியம்மா மார்கோ ஒரு உறையை நீட்டியபோது, ஏதோ வாழ்த்து அட்டை என்றுதான் வாங்கிக்கொண்டாள். பிரித்துப் பார்த்தால், வெள்ளிக்கிழமை ஒரு நாள் தங்கல், சாப்பாட்டோடு, ஷெர்ரி அறையில், இரண்டு பேருக்கு.

ஷெர்ரி அறை என்றால் லேசுப்பட்டதா? மாளிகையில் மொத்தம் பன்னிரண்டு அறை, ஒவ்வொன்றுக்கும் விஸ்கி ஊறவைக்கிற ஒரு வகைப் பீப்பாயின் பெயர். அதில் ஆற்றைப் பார்த்த பெரிய அறை அதுதான். ஸ்பே ஆற்றங்கரையில் விஸ்கி காய்ச்சாத கிராமம் கிடையாது. அந்த விஸ்கிக்காகவே ஜெர்மனியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஜனம் வந்து இங்கே தங்கும். அவர்களுக்கு எல்லாமே விஸ்கி. வாசலில் கால் வைத்ததும் ஒரு மடக்கு. மீன் ஊறுவது அதில். காலைக் கஞ்சியில் ஒரு கரண்டி, ஆரஞ்சு ஜாமில் கொஞ்சம். அறைக்கு அறை கண்ணாடிக் குடுவை நிறைய இலவசமாக வேறு.

'இரண்டு பேருக்கு' என்பதைப் படித்ததும் எல்சி அட்டையைத் திரும்ப உறைக்குள் போட்டாள்.

"ஆர்ச்சிக்கு வேத்து இடத்துல தூக்கம் வராது மார்கோ," என்றாள்.

"இருபத்தேழு வருசத்துல உன் வீட்டுக்காரரை இந்த வாசலுக்கு உள்ள நான் பார்த்ததே இல்ல. பொம்மையா வச்சிருக்கியா, மனுசன்தானா?"

"மனுசன்தான்," என்று சொல்லிவிட்டு எல்சி போர்வை மடிக்கப் போய்விட்டாள். உறையைக் கிழித்து அடுப்பில் போட்டிருக்கலாம். போடவில்லை. வீட்டில் மேசைமேல் வைத்துவிட்டாள், அதுதான் தப்பு. ஆர்ச்சி கண்ணாடியை மூக்கில் ஏற்றி நிதானமாகப் படித்துவிட்டு, "போலாமே," என்றார். ஏதோ சந்தைக்குப் போகலாம் என்கிற மாதிரி.

ஆர்ச்சி பதினாறு வயசில் விஸ்கி ஆலையின் பீப்பாய்க் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் ஆலைகளே தொழிலாளிக்கு ஊற்றிக் கொடுக்கும். காலையில் வந்ததும் ஒன்று, மத்தியானம் ஒன்று, வீட்டுக்குக் கிளம்பும்போது ஒன்று. மீசை முளைக்காத பயல் என்று பார்ப்பதில்லை. பிறகு ஒருநாள் அதை நிறுத்தி, வேலை நேரத்தில் குடித்தால் சீட்டைக் கிழிப்போம் என்று பலகை எழுதி மாட்டினார்கள். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது என்பார்களே, அதுதான் இது. பலகை வந்தால் பழக்கம் போய்விடுமா? ஒரு முனை அடைத்த செப்புக் குழாயைக் கால்சட்டைக்குள் தொங்கவிட்டு, பீப்பாயிலிருந்து மொண்டு வீட்டுக்குக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். ஆர்ச்சியும் கொண்டுவந்தார். கலகலப்பான குடிகாரர்தான், அடிதடி கிடையாது. அதனாலேயே ஊரும் முப்பது வருசம் சிரித்துக்கொண்டிருந்தது.

மகள் இசபெல் கல்யாணத்தில்தான் சிரிப்பு நின்றது. பெண்ணைப் பெற்றவர் எழுந்து நாலு வார்த்தை வாழ்த்திப் பேச வேண்டும். எழுந்தார். இரண்டு வார்த்தை வந்தது. மூன்றாவதுக்கு மேசை விரிப்பைப் பிடித்துக்கொண்டு, கேக்கோடும் பூவோடும் தரையில் விழுந்தார். இசபெல் இரண்டு வருசம் அவரோடு பேசவில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் ஆர்ச்சி அடுப்படி வாசலில் வந்து நின்று, "இனிமே இல்ல எல்சி," என்றார். அவ்வளவுதான். பதினோரு வருசம் ஆச்சு.

அந்தப் பதினோரு வருசமும் எல்சி காவல் காத்தாள். கோட்டுப் பையைத் துழாவுவாள். தோட்டக் கொட்டகையில் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் பார்ப்பாள். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் வாயில் ஒரு முத்தம் கொடுப்பாள். அதில் முத்தம் பாதி, மூக்கு பாதி. சனிக்கிழமை ஒரு சின்ன மடக்கு அவளுக்கும் ரொம்பப் பிடிக்கும். அதையும் அன்றைக்கே விட்டுவிட்டாள். ஒரு தடவைகூட அவர் வாயில் வாசம் இருந்ததில்லை. ஆனாலும் மறுநாளும் மோந்து பார்ப்பாள். பாவம், கட்டினவள் என்ன செய்வாள்? விழுந்ததைக் கண்ணால் பார்த்தவள் அவள்.

வியாழக்கிழமை சமையற்கட்டுக்குப் போய் சமையல்காரன் டங்கனைப் பிடித்தாள். "நாளைக்கு எங்க ரெண்டு பேர் தட்டுல ஒரு சொட்டு விஸ்கிகூட இருக்கக் கூடாது. ஆர்ச்சி மாத்திரை சாப்பிடறாரு."

"இந்த வீட்டுல விஸ்கி இல்லாம நான் சமைக்கணும்னா வெறும் முட்டைதான் அவிச்சுப் போடணும்," என்றான் டங்கன். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "சரி விடு, பாத்துக்கறேன்," என்றான்.

வெள்ளிக்கிழமை காலையில் ஷெர்ரி அறையைத் தன் கையாலேயே கடைசித் தடவையாகப் பெருக்கித் துடைத்தாள். குடுவையில் இருந்ததை வேறு பாட்டிலுக்கு மாற்றினாள். வெறும் குடுவையாக விட்டால் மார்கோ கண்ணில் பட்டு உடனே நிரப்ப ஆள் அனுப்புவாள். குடுவையையே எடுத்துவிட்டால் ஏன் எடுத்தாய் என்பாள். யோசித்து யோசித்து, கெட்டியாக டீ போட்டு, துணியில் இரண்டு தடவை வடிகட்டி, ஆறவைத்து ஊற்றினாள். நிறம் அச்சு அசலாக இருந்தது. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு மூடியைத் திருகினாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு இரண்டு பேரும் விருந்தாளியாக வந்தார்கள். இசபெல் வாங்கிக் கொடுத்த நீலக் கோட்டில் ஆர்ச்சி இருந்தார். மார்கோ வாசலில் தட்டோடு நின்றாள், தட்டில் இரண்டு கிண்ணம். இது இந்த வீட்டு வழக்கம், வருகிறவர் கையில் கொடுத்துத்தான் உள்ளே விடுவார்கள். ஆர்ச்சி வாயைத் திறப்பதற்குள் எல்சி இரண்டு கையாலும் இரண்டையும் எடுத்துக்கொண்டாள்.

"அவருக்கு வயிறு சரியில்ல."

"வயிறா? டங்கன் மாத்திரைன்னு சொன்னான்?"

"வயித்துக்குத்தான் மாத்திரை," என்றாள் எல்சி. முகம் செக்கச் சிவந்துவிட்டது. இரண்டையும் அப்படியே கூடத்துச் சன்னல் திட்டில் வைத்துவிட்டு மாடிப்படி ஏறினாள். ஆர்ச்சி பின்னாலேயே வந்தார்.

அறைக்குள் வந்ததும் எல்சிக்கு உட்காரத் தெரியவில்லை. தான் விரித்த படுக்கையைத் தானே இன்னொரு தடவை இழுத்துவிட்டாள். ஆர்ச்சி சன்னலோர நாற்காலியில் சாய்ந்து ஆற்றைப் பார்த்தார். பிறகு பக்கத்து மேசையில் இருந்த குடுவையைப் பார்த்தார். எல்சிக்குக் கை நின்றுபோயிற்று.

"இது என்ன புள்ள?"

"விஸ்கி. எல்லா ரூமுலயும் இருக்கும். நீ அந்தப் பக்கம் பாக்காத."

"எத்தனை வருசத்துது?"

"பதினெட்டு," என்று வாயில் வந்ததைச் சொன்னாள்.

ஆர்ச்சி குடுவையின் கழுத்தைப் பிடித்து மெல்லச் சாய்த்தார், நிமிர்த்தினார். விஸ்கி என்றால் கண்ணாடியில் எண்ணெய் மாதிரி ஒட்டிக்கொண்டு, கோடு கோடாக ஆற அமர இறங்கும். இது தண்ணீர் மாதிரி சரேலென்று வழிந்து போயிற்று. ஆயிரம் பீப்பாய் பார்த்த ஆளிடம் காட்டுகிற வித்தையா இது? இருபத்தேழு வருசம் குடுவை நிரப்பினவளுக்கும் இது தெரியாததில்லை. பசி வந்தால் மட்டுமா பத்தும் பறக்கும், பயம் வந்தாலும்தான்.

"பதினெட்டு வருசம் இல்ல புள்ள," என்றார். "பதினெட்டு நிமிசம் கொதிச்சிருக்கும்."

எல்சி சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"சன்னல் திட்டுல ரெண்டு கிண்ணம். வயிறு, மாத்திரை. இப்ப டீத்தண்ணி. எனக்கே டீத்தண்ணி! கிடங்குல முப்பத்தெட்டு வருசம் உருண்டவனுக்கு!" குரல் ஏறியது. "ஏன் எல்சி, என்னைப் பைத்தியக்காரன்னு நினைச்சியா, திருடன்னு நினைச்சியா?"

"ரெண்டும் இல்ல. பயந்தேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? இங்க எங்க திரும்பினாலும் அதுதானே இருக்கு! உன்னை இந்த வீட்டுப் பக்கமே வரவிடாம பதினோரு வருசம் எப்படிப் பாத்துக்கிட்டேன்னு உனக்குத் தெரியுமா?"

ஆர்ச்சி குடுவையை மேசையில் வைத்தார். கோபம் இறங்கிவிட்டது தெரிந்தது. அதுதான் எல்சிக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நீ தினமும் ஆறு மணிக்குக் கதவைத் திறந்துக்கிட்டு வருவ," என்றார். "இங்க மிச்சம் வச்ச கிண்ணத்தையெல்லாம் கழுவிக் கவுத்துட்டு வருவ. உன் சட்டைக் கையில, விரல்ல, தலைமுடியில எல்லாம் விஸ்கி. போன செவ்வாக்கிழமை புகைவாசம் அடிக்கிற தீவுச் சரக்கு எதையோ மேல கொட்டிக்கிட்டு வந்த. கொட்டினியா இல்லையா?"

எல்சி தன் சட்டைக் கையைப் பார்த்தாள். கொட்டியிருந்தாள்.

"அந்த வாசத்தோட வந்து, என் வாயை மோந்து பாப்ப. முதல் மாசம் முத்தம்னு நினைச்சேன். அப்புறந்தான் புரிஞ்சுது, சோதனைன்னு. நீ என்னைச் சோதிக்கிற நேரத்துல எனக்கு நாக்குல எச்சில் ஊறும் எல்சி. கொல்லைக் கதவைத் திறந்துக்கிட்டு வெளிய போய் நின்னுட்டு வருவேன். தினமும். நீ காவல் காத்தேன்னு சொல்ற. கதவைத் திறந்து அதை வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்ததே நீதான்."

எல்சி விரித்த படுக்கையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மீன்காரிக்கு மீன் வாசம் தெரியுமா? இத்தனை வருசத்தில் தன் உடம்பை ஒரு தடவை மோந்து பார்க்கத் தோன்றவில்லையே! "ஏன் சொல்லல? சொல்லியிருந்தா இந்த வேலையையே விட்டிருப்பேனே," என்றாள். அழுகை வந்துவிட்டது.

"அதனாலதான் சொல்லல. உனக்கு இந்த வேலை பிடிச்சிருந்துது." கைக்குட்டையை எடுத்து நீட்டினார். "ஒண்ணு மட்டும் கேளு. நான் குடிக்காம இருந்தது நீ காத்ததால இல்ல. நான் இருந்தேன், அவ்வளவுதான். நாளைக்கும் இருப்பேனான்னு எனக்கே தெரியாது. அதை நீ மோந்து பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. இப்ப மூஞ்சியைக் கழுவு, பசிக்குது."

சாப்பாட்டு அறையில் ஜூன் மாதத்தில் இங்கே ராத்திரி பத்து மணி வரைக்கும் அடிக்கிற வெயில் இன்னும் மேசை மேல் கிடந்தது. மார்கோ தண்ணீர்க் கூஜாவோடு வந்து, "வயிறு எப்படி இருக்கு ஆர்ச்சி?" என்று கேட்டாள்.

"வயித்துக்கு ஒரு கேடும் இல்ல. நான் குடிகாரன் மார்கோ. பதினோரு வருசமாக் குடிக்காத குடிகாரன்."

"தெரியுமே," என்றாள் மார்கோ. "ஊருக்கே தெரியும். வழக்கத்துக்குத்தான் தட்டை நீட்டினேன். நீங்க வேண்டாம்னு வாயைத் திறக்கறதுக்குள்ள இவ ரெண்டு கிண்ணத்தையும் புடுங்கிட்டா, நான் என்ன பண்றது?"

எல்சி தலையைக் குனிந்துகொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாள், அதுவும் பதினோரு வருசமாக. ஆர்ச்சியும் மார்கோவும் சிரித்தார்கள், பிறகு அவளும் சிரித்தாள். டங்கன் அனுப்பிய ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் ருசியாக இருந்தது. விஸ்கி இல்லாமலும் அவனுக்குச் சமைக்கத் தெரிந்திருக்கிறது.

தட்டு எடுத்தபின் ஆர்ச்சி சொன்னார்: "மார்கோ, எங்க ஆலைச் சரக்கு ஏதாவது இருந்தா இவளுக்கு ஒரு சின்ன மடக்கு ஊத்திக் குடு. ரெண்டு சொட்டுத் தண்ணி விடு, அதுக்கு மேல விடாத. நீயே ஊத்து, நான் பாட்டிலைத் தொட மாட்டேன்."

"எனக்கு வேண்டாம்," என்றாள் எல்சி பதறிப்போய்.

"நீ விட்டது எனக்காகன்னு நீ நினைச்சுக்கிட்ட. நான் கேட்டேனா? நீ ஆசையாச் சாப்பிட்டுக்கிட்டு இருந்த ஒண்ணு என்னால போச்சுன்னு எனக்கு அது வேற ஒரு பாரம். வேலை முடிஞ்ச நாளு, குடி."

மார்கோ ஊற்றி வைத்தாள். எல்சி கிண்ணத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், வாசம் அவர் பக்கம் போகக் கூடாது என்பது போல. ஆர்ச்சி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"ஆத்தங்கரை வரைக்கும் நடந்துட்டு வரேன்."

தோட்டத்துக்குப் போக மதுக்கூடத்தின் வழியாகத்தான் போக வேண்டும். நானூறு பாட்டில் நிற்கிற சுவர். இன்றைக்கு அங்கே ஜெர்மன்காரர்கள் ஆறு பேர் மத்தியானத்திலிருந்து கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள், வருகிறவர் போகிறவர் கையிலெல்லாம் கிண்ணத்தைத் திணிக்கிற தாராள மனசுக்காரர்கள். "நானும் வரேன்" என்று எல்சியின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆர்ச்சி அவளைப் பார்த்தார். கேட்கவுமில்லை, தடுக்கவுமில்லை.

"போயிட்டு வா," என்றாள்.

மதுக்கூடத்துக் கதவு திறந்தது. சிரிப்புச் சத்தம் ஓங்கி வந்து, கதவு மூடியதும் அமுங்கியது. மார்கோ குனிந்து அவள் காதருகே, "வேணும்னா நான் போய் ஒரு எட்டு பாத்துட்டு வரட்டுமா?" என்றாள்.

"வேண்டாம். நீ உக்காரு."

கிண்ணத்தை எடுத்து ஒரு வாய் குடித்தாள். பதினோரு வருசத்துக்குப் பிறகு நாக்கில் படுகிறது. முதலில் எரிந்தது. பிறகு தேன், கருகிய ஆரஞ்சுத் தோல், கிடங்கின் ஈர மரம். ஆர்ச்சியின் பழைய வேலைக் கோட்டின் வாசம். கல்யாணமான புதிதில் அந்தக் கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். அப்போது எதையும் தேடி மோந்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய் குடித்தாள்.

தோட்டத்துக் கதவு இந்த வீட்டிலேயே சத்தமான கதவு. கிறீச்சென்று மாடி வரைக்கும் கேட்கும், அதற்கு எண்ணெய் விட்டு விட்டு ஓய்ந்தவள் எல்சி. மதுக்கூடத்தைக் கடந்து அந்தக் கதவுக்குப் போக எத்தனை அடி என்று தரை துடைத்த அவள் முழங்காலுக்குத் தெரியும்.

கிண்ணம் காலியான பிறகு மார்கோ மெல்லக் கேட்டாள். "தோட்டத்துக் கதவு சத்தம் கேட்டுச்சா எல்சி? ஆர்ச்சி வெளிய போயிட்டாரா?"

"நான் கவனிக்கலையே," என்றாள் எல்சி. அது நிஜம்.