மூன்றாம் ஜன்னலின் பென்சில் வட்டம்

நகராட்சி அலுவலகத்தின் மூன்றாம் எண் ஜன்னலை ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். வீட்டுக்குப் புதிய குடிநீர் இணைப்பு வேண்டுமென்றால் அங்கேதான் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அந்த ஜன்னலுக்குப் பின்னால் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருந்தவளுக்கு ஊர் வைத்த பெயர் 'நாளைக்கு அக்கா'. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது பணிப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பது அவள் காதிலும் விழும். அதற்காக அவள் வருத்தப்பட்டதில்லை. கண்டிப்பானவள் என்று ஊரே ஒப்புக்கொள்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டாள். அவள் முத்திரை போட்டு உள்ளே அனுப்பிய கோப்பு ஒன்றுகூட மேலிருந்து கேள்வியோடு திரும்பி வந்ததில்லை.

அப்படிப்பட்டவளுக்கு நாற்பத்தாறு வயதில் பொதுக் கொள்கையில் முதுகலைப் பட்டம் படிக்கும் ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கோபத்திலிருந்து வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த வருடத்து ஆண்டுக் கூட்டத்தில், வெளியிலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர் திரையில் வண்ண வண்ணமாக ஒரு வரைபடம் காட்டினார். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு விண்ணப்பங்கள் ஏழு நாளுக்குள் முடிந்துவிடுகின்றனவாம். எல்லோரும் கைதட்டினார்கள். இவள் மட்டும் எழுந்தாள்.

"சார், அந்த ஏழு நாள் எந்த நாள்ல இருந்து ஆரம்பிக்குது?"

"நீங்க விண்ணப்பத்தை வாங்கி முத்திரை போட்ட நாள்ல இருந்து."

"முத்திரை விழறதுக்கு முன்னாடியே அவங்க நாலு தடவை வந்துட்டுப் போறாங்களே, அது எங்க இருக்கு?"

ஆலோசகர் தண்ணீர் குடித்தார். அலுவலகக் கண்காணிப்பாளர் அவளைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னார். "இதெல்லாம் பொதுக் கொள்கை படிச்சவங்க போட்ட வரைபடம்மா. நமக்கெதுக்கு? நம்ம வேலை முத்திரை போடறது."

கூட்டத்தில் நாலு பேர் சிரித்தார்கள். அவளுக்குக் காது மடல் சுட்டது. அந்த வாரமே பல்கலைக்கழகத்துக்குப் போய், சனி ஞாயிறு வகுப்புக்கு விண்ணப்பம் வாங்கி வந்தாள். அங்கே ஜன்னலில் இருந்த பெண், புகைப்படம் ஒன்று குறைகிறது என்று திருப்பி அனுப்பினாள். மறுநாள் சான்றிதழ் நகலில் கையெழுத்து இல்லை என்றாள். இதை அவள் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுபவர். விஷயத்தைக் கேட்டதும், "சனி ஞாயிறு சமையல் என் பொறுப்பு. அதைச் சாப்பிடறது உங்க பொறுப்பு" என்று முடித்துக்கொண்டார். கல்லூரிக் கடைசி வருடத்தில் இருந்த மகளுக்குத்தான் கொண்டாட்டம். "நான் படிச்சு முடிக்கிற நேரத்துல நீ ஆரம்பிக்கிறியாம்மா? பரவால்ல, என் பழைய பை இருக்கு, எடுத்துக்க" என்றாள். அந்தப் பையைத்தான் அவள் மூன்று வருடமும் தூக்கிக்கொண்டு திரிந்தாள்.

வகுப்பில் அவளுக்கு அடுத்தபடி மூத்தவருக்கு வயது முப்பத்தொன்று. முதல் நாள் அவள் உள்ளே நுழைந்ததும் ஆசிரியர் வந்துவிட்டார் என்று பாதிப் பேர் எழுந்து நின்றார்கள். புள்ளியியல் அவளைப் படாத பாடு படுத்தியது. முதல் தடவை தேறவில்லை, இரண்டாவது தடவை மகள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கத் தேறினாள். மற்றப் பாடங்களை ஊதித் தள்ளினாள். விதி எப்படிப் பிறக்கிறது, அது கீழே வந்து சேரும்போது என்ன ஆகிறது என்று வகுப்பில் பேசப் பேச, தன் ஜன்னலைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவதுபோல அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

கடைசியில் ஆய்வேடு. மூன்றாம் வருட முடிவுக்குள் அது ஏற்கப்பட வேண்டும். இல்லையென்றால் படித்ததெல்லாம் வீண், பட்டம் கிடையாது. தலைப்பு அவளிடம் கூட்டத்து நாளிலிருந்தே தயாராக இருந்தது: முத்திரை விழுவதற்கு முன்னால் மக்கள் எத்தனை தடவை அலைகிறார்கள்?

அவளுடைய நெறியாளர் அவளைவிட எட்டு வயது சின்னவர். நல்ல மனிதர். முதல் வரைவைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்ததில் வந்த கண்ணீர். பத்திக்குப் பத்தி எண் போட்டு, மேலே 'பார்வை ஒன்று, பார்வை இரண்டு' என்று குறித்து, கடைசி வரியில் 'மேல் உத்தரவு வேண்டிப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது' என்று முடித்திருந்தாள்.

"மேடம், இது ஆய்வேடா, கோப்பா? மொழியை மாத்தி எழுதிட்டு வாங்க."

ஒரு மாதம் உட்கார்ந்து மாற்றி எழுதினாள். அடுத்து, இந்தப் பொருளில் முன்னால் நடந்த ஆய்வுகளைப் பற்றிய அத்தியாயம் போதாது என்றார். ஆறு வாரம் நூலகத்தில் கிடந்து அதையும் எழுதினாள். மூன்றாவது தடவை அவர் முழுவதையும் படித்து, பேனாவை மூடி வைத்தார்.

"இப்ப நல்லா வந்திருக்கு மேடம். ஆனா ஆதாரம் எங்க? நாலு தடவை அலையறாங்கன்னு நீங்க சொல்றீங்க. திருப்பி அனுப்பினதுக்கு உங்க ஆபீஸ்ல பதிவே இல்லையே. தேர்வாளர் ஒரே கேள்வியில தூக்கிப் போட்டுடுவாங்க."

அவளுக்கு அடக்க முடியாமல் வந்தது. "இதை முதல் தடவையே சொல்லியிருக்கலாமே சார்."

சொன்ன பிறகுதான் தன் வார்த்தையே அவள் காதில் விழுந்தது. இந்த வாக்கியம் அவளுக்குப் புதிதல்ல. இருபது வருடத்துக்கு மேலாக ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது இதையேதான் அவளிடம் சொன்னார்கள். முதல் குறை கண்ணில் பட்டதுமே படிவத்தைத் திருப்பி நீட்டிவிடுவாள். அதற்குக் கீழே இன்னும் என்ன குறை இருக்கிறது என்று பார்ப்பதில்லை. வரிசை நீளம், நேரம் இல்லை. அதைத் திருத்திக்கொண்டு வந்தால் அடுத்த குறை தெரியும். அதற்கும் நாளைக்குத்தான்.

நெறியாளர் அசடு வழிந்தார். "முதல்ல மொழிதான் கண்ணுல பட்டுச்சு மேடம். அது சரியானா மத்ததைப் பார்க்கலாம்னு..."

"தெரியும் சார்" என்றாள். "நானும் அப்படித்தான்."

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். வருட முடிவுக்கு நாலு மாதம்தான் இருந்தது. பாதி அழுகை பட்டம் கை நழுவுகிறதே என்று. மீதிப் பாதி யாருக்காக என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை ஜன்னலில் முதல் ஆள் நீட்டிய படிவத்தோடு வீட்டு வரைபட நகல் இல்லை. வழக்கம்போல அவள் கை பென்சிலை எடுத்து, படிவத்தின் வலது மேல் ஓரத்தில் சின்னதாக ஒரு வட்டம் போட்டது. போட்ட பிறகு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று அந்த மனிதர் கேட்க வேண்டியதாயிற்று.

அந்த ஜன்னலில் மூன்று பேர் முறை வைத்து உட்காருவார்கள். ஒருவர் திருப்பி அனுப்பிய படிவம் ஏற்கெனவே பார்த்ததுதான் என்று அடுத்தவருக்குத் தெரிவதற்காக ஓரத்தில் ஒரு பென்சில் குறி போடுவது வழக்கம். எந்தச் சட்டத்திலும் இல்லை, யார் ஆரம்பித்தது என்றும் தெரியாது. ஒருவர் புள்ளி வைப்பார், ஒருவர் கோடு போடுவார், இவள் வட்டம். கடைசியில் முத்திரை விழுந்து அதே படிவம் பதிவறைக்குப் போகும். குறியை யாரும் அழிப்பதில்லை. அவ்வளவு ஆதாரத்தையும் தன் கையாலேயே போட்டு வைத்துவிட்டு, ஆதாரம் இல்லை என்று மாடிப்படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

பதிவறைக்குள் போக ஆணையரின் அனுமதி வேண்டும். கண்காணிப்பாளர் வழியாகத்தான் கடிதம் போக வேண்டும். அவர் அதைப் படித்துவிட்டு, "பென்சில் குறியா? அதைப் பார்த்து என்னம்மா ஆகப்போகுது" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டார். பென்சில் குறிதானே என்ற அலட்சியம்தான் அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டது.

சாப்பாட்டு இடைவேளையிலும் விடுப்பு நாட்களிலும் அவள் பதிவறையில் கிடந்தாள். பதிவறைக்காரர் முதலில் முகம் கொடுத்துப் பேசவில்லை. தன் கட்டுகளைக் கலைத்துவிடுவாளோ என்ற பயம். அவள் கட்டை அவிழ்த்த மாதிரியே திருப்பிக் கட்டுவதைப் பார்த்த பிறகு, தானே இறக்கிக் கொடுக்க ஆரம்பித்தார். மூன்று வருடத்து விண்ணப்பங்களில் ஆயிரத்து இருநூறை எடுத்தாள். மக்கள் தங்கள் கையெழுத்துக்குக் கீழே போட்ட தேதி ஒருபக்கம், முத்திரைத் தேதி ஒருபக்கம், நடுவில் பென்சில் குறிகள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் குறித்தாள். அலுவலகம் ஏழு நாள் என்று சொன்னது, மக்கள் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து எண்ணினால் சராசரியாக முப்பத்திரண்டு நாளாக இருந்தது. பாதிக்கு மேற்பட்ட படிவங்களில் இரண்டு குறியாவது இருந்தது. ஒன்றில் ஏழு.

அந்த ஏழும் வட்டம்.

அதன் பிறகுதான் அவள் குறிகளைத் தனித்தனியாகப் பிரித்து எண்ணினாள். எண்ணாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. புள்ளியும் கோடும் சேர்ந்தாலும் வட்டத்துக்கு ஈடாகவில்லை. ஊரில் யார் அதிகம் அலையவைத்தது என்ற கேள்விக்கு அவள் ஆய்வேடே பதில் சொல்லிவிட்டது.

"அதை எதுக்கு எழுதற?" என்றார் கணவர். "மொத்தக் கணக்கை மட்டும் எழுது. யார் கேட்கப் போறாங்க? உன் பேரை நீயே கெடுத்துக்காத."

மகள் அம்மா எண்ணி வைத்த தாளை இழுத்துப் பார்த்தாள். பிறகு, "எழுதலன்னா, அலைச்சலை விட்டுட்டு வரைபடம் காட்டினாரே அந்த ஆலோசகர், அவருக்கும் உனக்கும் என்னம்மா வித்தியாசம்?" என்றாள்.

கேட்டது வலித்தது. வலித்ததனாலேயே அது சரியென்று அவளுக்குத் தெரிந்தது. எழுதினாள். குறிகளைப் பிரித்து ஓர் அட்டவணை, அதற்குக் கீழே பரிந்துரை ஒன்றே ஒன்று: முதல் குறையோடு நிறுத்தாமல் படிவத்தைக் கடைசி வரை பார்த்து, எல்லாக் குறைகளையும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. நீள மேசை, அதன் ஓரத்தில் நெறியாளர், நடுவில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா. நரைத்த முடி, ஆய்வேடு முழுக்க ஒட்டிய மஞ்சள் சீட்டுகள், சிரிக்கவே தெரியாதது போன்ற முகம். இத்தனை சீட்டா என்று இவள் எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டாள்.

"படிவத்தைக் கிழிச்சுப் போட்டுட்டுப் புதுசா எழுதிக் கொடுத்தவங்க இருப்பாங்களே. அவங்களை எப்படி எண்ணினீங்க?"

"எண்ண முடியலம்மா. அதனால உண்மையான அலைச்சல் இதைவிட அதிகம்தான்னு நாலாவது அத்தியாயத்துல எழுதியிருக்கேன்."

தேர்வாளர் அந்தப் பக்கத்தைத் தேடிப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு அட்டவணைக்கு வந்தார். "மூணு பேர்ல வட்டம் போட்டவங்கதான் ரொம்ப மோசம் போலிருக்கு. அவங்களைப் பேட்டி எடுத்தீங்களா? ஏன் அப்படிச் செஞ்சாங்கன்னு ரெண்டே வரியில இருக்கு."

நெறியாளர் மேசையைப் பார்த்துக்கொண்டார்.

"பேட்டி எடுக்கலம்மா" என்றாள். "அது நான்தான். மேல இருந்து ஒரு கோப்புகூடத் திரும்பி வரக் கூடாதுன்னு பார்த்தேன். அதுக்காகக் கீழ இருக்கறவங்களைத் திருப்பி அனுப்பிட்டே இருந்தேன். நல்லா வேலை செய்யறேன்னுதான் நினைச்சேன்."

தேர்வாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இருபது வருஷமா இந்த மாதிரி ஆய்வேடு படிக்கிறேன். எல்லாருமே அடுத்தவங்க தப்பைத்தான் அளந்து கொண்டுவருவாங்க" என்றார். பிறகு வெளியே காத்திருக்கச் சொன்னார்.

பத்து நிமிடம்தான். உள்ளே கூப்பிட்டபோது நெறியாளரின் முகத்திலேயே முடிவு தெரிந்துவிட்டது. தேறிவிட்டாள், அந்த வருடத்தின் மிக உயர்ந்த மதிப்பெண். அதோடு அந்தப் பரிந்துரையை நகராட்சி ஆணையருக்குத் தன் கடிதத்தோடு அனுப்பப்போவதாகவும் தேர்வாளர் சொன்னார். கண்காணிப்பாளர் வழியாகத்தான் அது போகும் என்பது நினைவுக்கு வந்ததும் அவளுக்குச் சிரிப்பைக் கட்டுப்படுத்த முடியவில்லை.

கிளம்பும்போது தேர்வாளர் ஆய்வேட்டை அவளிடம் நீட்டினார். மேலே ஒரு தாள் குத்தியிருந்தது.

"சின்னச் சின்னத் திருத்தம், மொத்தம் பதினொண்ணு. கடைசிப் பக்கம் வரைக்கும் பார்த்துட்டேன், இதுக்கு மேல எதுவும் இல்ல. முடிச்சு நூலகத்துல கொடுத்துடுங்க. மறுபடி வர வேண்டியதில்ல."

அந்தத் தாளை அவள் மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்தாள். பதினொன்றும் ஒரே தாளில், வரிசையாக, தெளிவாக இருந்தன. தன் ஜன்னலில் ஒருவருக்காவது இப்படி ஒரு தாள் கொடுத்திருக்கிறோமா என்று நினைத்துப் பார்த்தாள். இல்லை. திங்கட்கிழமை முதல் ஆளிலிருந்து கொடுக்க வேண்டும், ஆணையரின் உத்தரவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று முடிவு செய்தாள்.

வெளியே கணவரும் மகளும் நின்றிருந்தார்கள். அவள் கையில் ஆய்வேடு திரும்பி வந்திருப்பதைப் பார்த்ததும் இருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

"திருப்பிக் கொடுத்துட்டாங்களாம்மா?" என்றாள் மகள்.

"ஆமா" என்றாள். மகளின் பழைய பையில் கை விட்டுப் பென்சிலைத் தேடி எடுத்தாள். ஆய்வேட்டின் வலது மேல் ஓரத்தில் சின்னதாக ஒரு வட்டம் போட்டாள். "ஒரே தடவைதான். பாஸ்."